செல்லூர்க் குடும்பம் ஒன்று, இரண்டு பள்ளிகள்: பெற்றோர் வருகை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு வெளிப்பட்ட விதம்

மதுரையில் மாநகராட்சி மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, காலாண்டுத் தேர்வுக்குப் பின் வழங்கப்பட்ட மதிப்பெண் அட்டையில் தாயின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முந்தைய ஆண்டு அட்டையில் அந்தத் தாய் தலைப்பெழுத்து இல்லாமல் பெயரை மட்டும் எழுதியிருந்தார். இந்த அட்டையில் தலைப்பெழுத்தும் புள்ளியும் பிசகாமல் இருந்தன. வகுப்பாசிரியை அதைக் கண்டு நிறுத்தியது அந்த வேறுபாட்டினால்தான்.

பெற்றோர் கையெழுத்தைப் பிள்ளைகள் போட்டுக்கொள்வது பள்ளிகளுக்குப் புதிதன்று. குறைந்த மதிப்பெண்ணை மறைப்பதற்காக அது செய்யப்படுவதால், பெற்றோரை வரவழைத்து அவர்கள் முன்னிலையில் விசாரிப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இந்த அட்டையில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. கணக்கில் மட்டும் நடுத்தரமான மதிப்பெண்; தமிழிலும் சமூக அறிவியலிலும் வகுப்பின் முன்வரிசை. ஆசிரியை அவசரப்படாமல், மதிய உணவு முடிந்த பின் அவளைத் தனியே அழைத்துக் கேட்டபோது கிடைத்த விடை இது: "மார்க்கு அட்டையக் குடுத்தா கூடவே மீட்டிங் சீட்டையும் குடுக்கணும்ல டீச்சர். அதப் பாத்துட்டு வர முடியலையேன்னு அம்மா வருத்தப்படும். தம்பி ஸ்கூலுக்குப் போகவே அதுக்கு நேரம் பத்தல."

அப்பள்ளியில் மாணவியரின் குடும்பத்தாரோடு பேசும் பணியில் நான் உதவி வருவதால், இந்நிகழ்வு என்னிடம் வந்தது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதப்படும் இதில் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. தொழில், பள்ளிகளின் வகை, நடந்தவற்றின் வரிசை ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

குடும்பம்

தந்தை கீழமாசி வீதியில் உள்ள மொத்த மளிகை மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். காலையில் லாரிச் சரக்கு இறங்கும் நேரத்தில் போனால், வெளியூர்க் கடைகளுக்குப் பில் போட்டு, பற்று வரவு பார்த்து, இரவு கணக்கு முடித்த பிறகே திரும்புவார். ஞாயிறு விடுமுறை. தாய் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார்: ரவிக்கை, பாவாடை, புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பது. அவருக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு என்பதால், பள்ளியில் கழியும் ஒரு முற்பகல் என்பது தைக்கப்படாத இரண்டு ரவிக்கைகள். அவற்றை இரவில் உட்கார்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். பிள்ளைகள் இருவர், மூத்தவள் மேற்சொன்ன மாணவி, இளையவன் அருகில் உள்ள தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு. தந்தையின் தாயான அப்பத்தா, ஒத்தக்கடைக்கு அப்பால் யானைமலையை ஒட்டிய சிற்றூரில் தனியே இருக்கிறார்.

வசதி குறைந்த, ஆனால் ஒழுங்கான குடும்பம். குடிப்பழக்கம், சண்டை, அலட்சியம் என்று நாம் வழக்கமாகத் தேடும் காரணங்கள் எதுவும் இங்கு இல்லை. படிப்பின் மீது அக்கறையற்ற பெற்றோர் என்று இவர்களைச் சொல்லவே முடியாது.

இரண்டு பள்ளிகள், இரண்டு விதமான அழைப்புகள்

இளையவனின் பள்ளி பெற்றோரை ஓயாமல் அழைக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்புகளையும் டைரியில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கைகளையும் தாய் எனக்குக் காட்டினார். மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை பெற்றோர் சந்திப்பு, கிருஷ்ண ஜெயந்திக்கு மாறுவேடம், நிறங்களின் நாள், காய்கறி நாள், தாத்தா பாட்டி நாள், குழந்தைகள் தின விழா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா, ஆண்டு விழா, இவற்றுக்கு முன்னோட்டமாக ஒத்திகை நாட்களில் உடை மாற்றி விடத் தாய்மார்கள் வர வேண்டும் என்ற தனி அழைப்பு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு கல்வியாண்டில் இருபதைத் தாண்டிவிடுகிறது. அழைப்புகளில் பாதிக்கு மேல் இரண்டொரு நாள் முன்னதாக மட்டுமே வருகின்றன. எட்டு வயதுச் சிறுவன் கத்தரிக்காயாக நின்று இரண்டு வரி ஆங்கிலம் சொல்வதைப் பார்க்க ஒரு தாய் அரைநாள் கூலியையும் வாடகை உடைக்கான பணத்தையும் இழக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து; அந்தத் தாய் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மூத்தவளின் பள்ளியிலோ அழைப்புகள் சில. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்குப் பின் மதிப்பெண் பார்க்கவும் ஆசிரியரோடு பேசவும் ஒரு சந்திப்பு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம், விளையாட்டு விழா, ஆண்டு விழா, கலைத் திருவிழாப் போட்டிகள். இவற்றோடு பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் இக்குழுவை வலியுறுத்துகிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகள் அனைத்திலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்ட பிறகு, மாதக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடப்பது வழக்கமாயிற்று. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை அப்பிரிவு கட்டுப்படுத்தாது. ஆகவே இக்குடும்பத்தின் நிலை விந்தையானது: பெற்றோர் பேச்சுக்குச் சட்டப்படி இடமுள்ள பள்ளிக்கு யாரும் போகவில்லை, கை தட்டுவதைத் தவிர வேறு வேலையில்லாத நிகழ்ச்சிகளுக்குத் தாய் ஒன்றுவிடாமல் போய்க்கொண்டிருந்தார்.

தாய் ஏன் ஒன்றையும் விடவில்லை

மகனைக் கூடுதலாக நேசிப்பதால் என்று முடிவு கட்டுவது எளிது. அக்கம்பக்கத்தார் அப்படித்தான் சொன்னார்கள். மூத்தவளும் ஒருகாலத்தில் அப்படி நினைத்திருக்கிறாள். தாயோடு மூன்றாவது முறை பேசியபோதுதான் வேறு காரணம் வெளிவந்தது.

இளையவன் அந்தப் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி.யில் சேர்ந்தவன். நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது நாலில் ஒரு பங்கு இடத்தை ஒதுக்கி, எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு. விண்ணப்பங்கள் இடங்களை விடக் கூடுதலாக இருந்தால் குலுக்கல். அந்தக் குலுக்கலில் மகன் பெயர் வந்ததைத் தாய் இன்னமும் ஒரு சலுகையாகவே கருதுகிறார், உரிமையாகக் கருதவில்லை. "காசு கட்டாம படிக்கிற பிள்ள. கூப்பிட்டதுக்குப் போகலைன்னா, இவுகளுக்கு ஓசியிலயும் குடுத்து, வரச் சொல்லியும் கெஞ்சணுமான்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றார். பள்ளி ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை என்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார். அச்சம் அவருடையது, அதை ஊட்டியவர்கள் யாரும் இல்லை.

இந்த ஒரு செய்தி ஆய்வின் திசையை மாற்றியது. பெற்றோர் பள்ளிக்கு வருவதை அன்பின் அளவுகோலாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். இங்கு அது ஒரு விதமான வாடகையாகச் செலுத்தப்பட்டு வந்திருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்டிருந்த சிறுவனுக்கும் அதனால் நன்மை மிகுதியாக விளையவில்லை. அவனுடைய ஆசிரியை சொன்னபடி, மேடையேறும் முன் தாய் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று தேடிக் கண்ட பிறகே அவன் வாய் திறப்பான். ஷேர் ஆட்டோ கிடைக்காமல் அவர் தாமதமாக வந்த ஒரு நாளில் அவன் பாடவே இல்லை. எல்லாவற்றுக்கும் வருவதால், அவர் வருவது ஒரு நிகழ்ச்சியைச் சிறப்பாக்கவில்லை. அவர் வராவிட்டால் மட்டும் அது கெட்டுப்போகும் என்ற நிலை உருவாகியிருந்தது.

மூத்தவள் எடுத்துக்கொண்ட பொறுப்பு

ஏழாம் வகுப்பு விளையாட்டு விழா வரை அவள் சீட்டுகளைக் கொடுத்துவந்தாள். ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவுக்குத் தாய் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று இளையவனின் பள்ளியிலிருந்து திடீர் அழைப்பு வந்து போக முடியவில்லை. ஏழாம் வகுப்பில் விளையாட்டு விழாவுக்குத் தந்தை வருவதாகச் சொன்னார்; காலையில் முதலாளியிடம் கேட்கத் தயங்கி, கேட்காமலே இருந்துவிட்டார். இரண்டு முறையும் அவள் சண்டையிடவில்லை. அதன் பிறகு சீட்டுகள் வீட்டுக்கு வரவில்லை.

இங்கு கவனிக்க வேண்டியது, பெற்றோர் வராததை விட, வருவதாகச் சொல்லி வராததே அவளைத் தொட்டிருக்கிறது என்பது. பள்ளி மேலாண்மைக் கூட்டத்துக்கு ஒருநாளும் யாரும் வந்ததில்லை. அதைப் பற்றி அவளுக்குக் குறையே கிடையாது. யாரும் வருவதாகச் சொன்னதும் இல்லையே. சொல்லப்பட்டு நடக்காத அந்த இரண்டு நாட்களை மட்டும், எந்த மாதம், எந்தக் கிழமை, தான் அன்று எந்த வரிசையில் நின்றாள் என்பது வரை அவளால் சொல்ல முடிந்தது.

அதன் பின் அவள் செய்தது பெரியவர்கள் செய்கிற வேலை. பெற்றோரால் இயலாது என்பதை அவளே தீர்மானித்து, அவர்களுக்குப் பதிலாக அவளே "முடியாது" என்று விடை சொல்லி, அந்த விடையால் அவர்கள் வருந்தாதிருக்க அழைப்பையே மறைத்தாள். கையெழுத்து அந்த மறைப்பின் கடைசிக் கட்டம். பதின்மூன்று வயதுப் பெண் இவ்வாறு வீட்டின் சுமையைத் தானே எடுத்துக்கொள்வதை நம் ஊரில் "பொறுப்பான பிள்ளை" என்று மெச்சுவோம். அவளுடைய அப்பத்தாவும் அப்படித்தான் மெச்சினார். நான் அதைக் கவலைக்குரியதாகவே எண்ணுகிறேன். ஏனெனில் கணக்குப் பாடத்தில் அவளுக்கு உதவி தேவைப்பட்டதும், பள்ளி அளவிலான கலைத் திருவிழாவில் நாட்டுப்புறப் பாடலில் அவள் முதலிடம் பெற்று வட்டாரப் போட்டிக்குத் தேர்வானதும் ஆகிய இரண்டு செய்திகளுமே அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. பாடலை அவள் கற்றது அப்பத்தாவிடம். அவருக்கும் தெரியாது.

அந்த வயதுப் பிள்ளைகளில் பலர், பெற்றோர் பள்ளிக்கு வருவதையே விரும்புவதில்லை. உடை, பேச்சு, தோழியர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். அதுவும் இயல்பானது, அதை மதிக்கவும் வேண்டும். ஆகவே இவளுடைய "வேண்டாம்" எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவுக்குச் சம்பளப் பிடித்தம் இல்லாமல் அரைநாள் விடுப்புக் கிடைத்தால் அவர் வரலாமா என்று கேட்டேன். "எந்தக் கிழமை?" என்று உடனே கேட்டாள். அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

எத்தனை முறை என்ற கேள்வி

குடும்பத்தார் மூவரையும் ஒரு ஞாயிறு பிற்பகலில் சேர்த்துப் பேசியபோது தந்தை நேரடியாகவே கேட்டார்: "வருசத்துக்கு இத்தன தடவன்னு சொல்லிருங்க. அதுபடி லீவு கேட்டுக்கிறேன்." கணக்கெழுதும் மனிதரின் கேள்வி. நேர்மையான கேள்வியும்கூட.

சட்டம் எண்ணிக்கை தரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர்கள் பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் ஏற்பட்ட முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று கூறுகிறது. கடமை ஆசிரியருக்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்பதும், விழாக்கள் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதும் குறிக்கத்தக்கவை.

ஆய்வுகளும் எண்ணிக்கை தரவில்லை; ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்பதில் அவை உதவுகின்றன. நான்சி ஹில், டயானா டைசன் ஆகிய இருவரும் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் பள்ளிக்கு வந்து பங்கேற்பதற்கும் பிள்ளையின் படிப்புக்கும் நல்ல தொடர்பு இருப்பதாகவே தெரிந்தது. எனினும் அதனினும் வலுவான தொடர்பு, படிப்பு எதற்கு, அடுத்து என்ன, உன்னிடம் நாங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று வீட்டில் பேசுவதில் காணப்பட்டது. வீட்டுப்பாடத்தில் தரும் உதவிக்கு அத்தகைய நற்பயன் தென்படவில்லை. அவை அமெரிக்கப் பள்ளிகளை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது. நம் நாட்டில், உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு, கிராமக் கல்விக் குழுக்களைப் பற்றியும் பள்ளியின் நிலை பற்றியும் கூட்டம் போட்டு விளக்கியதால் மட்டும் பெற்றோரின் பங்கேற்பும் கூடவில்லை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கற்றலும் உயரவில்லை என்று கண்டது. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தியபோது, அவ்வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. கூட்டத்தில் அமர்வது ஒன்று, அதன் பின் ஒரு வேலை நடப்பது வேறொன்று என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே தந்தைக்கு நான் சொன்னது, என் பொறுப்பிலான ஒரு கணிப்பு: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஐந்து முறை போதும். அவற்றுள் மூன்று, ஆசிரியரோடு முகம் பார்த்துப் பேசும் சந்திப்புகள். ஒன்று, பிள்ளையே தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. ஒன்று, பிள்ளை மேடையில் இல்லாத, பள்ளியைப் பற்றிப் பேசும் கூட்டம். ஐந்தில் ஒன்றிலாவது தந்தை இருக்க வேண்டும். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடலாம். ஆனால் குறைவதற்கு நான் உடன்படவில்லை.

மூன்று சந்திப்புகள் எப்போது என்பதில்தான் வழக்கத்தோடு எனக்கு வேறுபாடு உண்டு. காலாண்டுக்குப் பின் ஒன்று, அரையாண்டுக்குப் பின் ஒன்று என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. மூன்றாவதை ஆண்டுத் தேர்வு முடிந்த பின் வைத்துக்கொள்வதில் பயனில்லை. அப்போது தெரியவரும் எதையும் அந்த ஆண்டில் சரிசெய்ய இயலாது. பள்ளி திறந்த சில வாரங்களில், கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடப்படும் ஜூலை 15ஐ ஒட்டிப் போவதே மேல். ஆசிரியருக்கு அப்போது பிள்ளையைப் பற்றிச் சொல்ல அதிகம் இராது. பெற்றோருக்குச் சொல்ல நிறைய இருக்கும். வீட்டு வேலை, யாருடைய நோய், எந்தப் பாடத்தில் பயம், மாலையில் யார் வீட்டில் இருப்பார்கள் என்பதையெல்லாம் ஆசிரியர் ஜூலையிலேயே அறிந்திருந்தால், அக்டோபரில் இந்தக் கையெழுத்தே வந்திருக்காது.

நாள்காட்டியில் எழுதியது

மண்டியில் வாடிக்கையாளருக்கு வழங்கும் மாத நாள்காட்டி அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. அதிலேயே எழுதலாம் என்றவள் மூத்தவள். சிவப்பில் அவள் பள்ளி, நீலத்தில் தம்பி பள்ளி. தெரிந்த தேதிகளை எழுதினார்கள். தெரியாதவற்றை இரண்டு பள்ளிகளிலும் கேட்டு வந்து எழுதினார்கள்.

மூன்று விதிகளை அவர்களே வகுத்தார்கள். எந்த நிகழ்ச்சிக்கு யார் வருவார் என்பது ஒரு வாரம் முன்பே பெயரோடு எழுதப்பட வேண்டும். யாரும் வர முடியாததற்குக் குறுக்குக் கோடு போட வேண்டும்; "பார்க்கலாம்" என்று எழுதக் கூடாது. எழுதிய பின் மாற்ற வேண்டி வந்தால், மாற்றுபவரே பிள்ளையிடம் நேரில் சொல்ல வேண்டும். தாய் வழியாகச் சொல்லி அனுப்பக் கூடாது. கடைசி விதி தந்தையை நோக்கியது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர், அவரும் அறிந்திருந்தார்.

விடுப்பைப் பொறுத்தவரை அவர் அஞ்சிய அளவுக்குத் தடை இருக்கவில்லை. "ஒரு வாரம் முன்ன சொன்னா மொதலாளி அனுப்பிருவாரு. அன்னிக்குக் காலையில போயி நின்னாத்தான் மூஞ்சியத் தூக்குவாரு" என்று பின்னர் சொன்னார். முன்னரே தேதி தெரிவது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பள்ளிகள் உணர்வதில்லை. மாதச் சம்பளமும் தற்செயல் விடுப்பும் உள்ளவர்களை மனத்தில் வைத்தே அழைப்புகள் எழுதப்படுகின்றன. இரண்டு நாள் முன்னறிவிப்பு அவர்களுக்குப் போதும். மண்டியிலும் தறியிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்குப் போதாது. கூலி வேலை செய்யும் பெற்றோர் வருவதே இல்லை என்று குறைப்படும் பள்ளி, முதலில் தன் சுற்றறிக்கையின் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இளையவன் பக்கத்தில் குறைக்கும் வேலை எளிதாக இல்லை. தாயின் அச்சம் பேச்சினால் தீரவில்லை. அவர் பள்ளிக்குச் சென்று, இனிச் சனிக்கிழமைச் சந்திப்புகளில் சிலவற்றுக்கு மட்டுமே வர இயலும் என்று வகுப்பாசிரியையிடம் கூறியபோது, "நீங்கதான் எப்பவும் வர்றவங்க, அதனால உங்களக் கூப்பிடுறது எங்களுக்கு ஈஸியா இருந்துச்சு" என்று அவர் சிரித்திருக்கிறார். ஒத்திகை உதவிக்கு அழைக்கப்பட்ட தாய்மார் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அந்த ஆண்டில் நடந்தவை

வட்டார அளவிலான கலைத் திருவிழாப் போட்டி தீபாவளிக்கு முந்தைய நாட்களில் வந்தது. தையலுக்கும் மண்டிக்கும் ஆண்டின் உச்சமான பருவம், இருவராலும் இயலாது. நாள்காட்டியில் குறுக்குக் கோடு விழுந்தது. மூத்தவள் அதன் பக்கத்தில் "அப்பத்தா?" என்று எழுதினாள். மூதாட்டி ஒத்தக்கடையிலிருந்து கட்டணமில்லா நகரப் பேருந்தில் மாட்டுத்தாவணி வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து மாறி, போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து அமர்ந்துவிட்டார். பரிசு கிடைக்கவில்லை. பேத்தி ஓர் அடியை மாற்றிப் பாடிவிட்டாள் என்று அப்பத்தாவும், மேடையில் அப்படித்தான் பாட வேண்டும் என்று பேத்தியும் வீடு திரும்பும் வரை வாதாடியிருக்கிறார்கள். பெற்றோரே வர வேண்டும் என்பதில்லை. பிள்ளை ஏற்கும் ஒருவர், வருவதாகச் சொன்ன நாளில் வந்தால் அது கணக்கில் சேரும் என்றே நான் கொள்கிறேன்.

அரையாண்டுக்குப் பிந்தைய சந்திப்புக்குத் தந்தை சென்றார். ஆசிரியையோடு அவர் பேசியது கால் மணி நேரத்துக்கும் குறைவு. கணக்கில் பின்னம் வரும் இடங்களில் அவள் தடுமாறுகிறாள் என்று அறிந்ததும், நாள்தோறும் கிலோவும் கிராமும் விழுக்காடும் எழுதும் அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டிப் பில்களைக் கொண்டு அவளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஆண்டுத் தேர்வில் அவளுடைய கணக்கு மதிப்பெண் சற்றே உயர்ந்தது. அது அவர் பள்ளிக்குச் சென்றதன் விளைவா, ஞாயிறு வகுப்பின் விளைவா, ஆசிரியையின் தனிக் கவனத்தின் விளைவா என்று ஒரு குடும்பத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது.

பள்ளி மேலாண்மைக் குழுவின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தாய் ஒரு முறை போனார். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறாதது பற்றிப் பேச்சு வந்தபோது, மகள் வீடு திரும்பிய பிறகே கழிப்பறைக்குப் போகிறாள் என்பதை அங்கே எழுந்து சொன்னார். பிற தாய்மாரும் அதையே சொன்னார்கள், தீர்மானத்தில் ஏறியது. தனியார் பள்ளியில் அத்தனை முறை சென்று வந்தும் எழுந்து பேசும் வாய்ப்பு தமக்கு ஒருமுறையும் வந்ததில்லை என்று என்னிடம் குறிப்பிட்டார்.

இளையவன் முதல் சில வாரங்கள் அழுதான். தாய் வராத ஒரு சனிக்கிழமை, ஆசிரியை சொன்ன குறைகளை அவனே வீட்டில் வந்து ஒப்பித்தான். இரண்டொன்றை மட்டும் விட்டுவிட்டான்.

கடினமான சோதனை பிப்ரவரியில் வந்தது. இரண்டு பள்ளிகளின் ஆண்டு விழாவும் ஒரே வெள்ளிக்கிழமை மாலை. மூத்தவள் தனித்துப் பாடுகிறாள். இளையவன் நாற்பது பேர் ஆடும் நடனத்தில் மூன்றாம் வரிசை. முன்பாக இருந்தால் விவாதமே இன்றித் தாய் இளையவனிடம் போயிருப்பார். இம்முறை இருவரும் தங்களுக்குத் தந்தைதான் வேண்டும் என்றார்கள். அவர் மூத்தவளிடம் போவதென்றும், இளையவனிடம் தாய் போவதென்றும், மறு ஆண்டு இடம் மாறுவதென்றும் நாள்காட்டியில் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டுக்கான தாள் அதில் இல்லாததால், இளையவன் அதைப் பின்னட்டையில் எழுதச் சொல்லித் தந்தையின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டான்.

தந்தை குறித்த நேரத்துக்கு வந்தார். கோரிப்பாளையம் நெரிசலை எண்ணி மண்டியிலிருந்து முன்னதாகவே கிளம்பியிருக்கிறார். மகள் பாடி முடிக்கும் வரை இருந்தார். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அலைபேசியில் வெளியூர்க் கடைக்காரர்களோடு பேசிக்கொண்டே இருந்தாராம். மறுநாள் மூத்தவள் நான்காவது விதியொன்றைச் சேர்த்தாள்: வருபவர் போனை அணைத்துவிட்டு வர வேண்டும், இல்லையேல் குறுக்குக் கோடு. தந்தை இதற்கு இன்னும் உடன்படவில்லை. மாலை நேரத்தில் போனை அணைத்தால் மறுநாள் சரக்குப் போகாது என்கிறார். அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பின், ஜூலைச் சந்திப்புக்கு முன்பாக இதைப் பேசி முடிப்பதென்று தாய் சொல்லியிருக்கிறார்.